சொல்லாமை பொய்யாகுமா?

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு சொற்போர் நடந்தது. "இணையத்தில் நம்மைப் பற்றிய விவரங்களை உள்ளபடியே தரவேண்டும்" என்பது தலைப்பு. போலிப் பெயர், பொய் வயது, பிறர் படம் ஆகியவற்றைக் கண்டித்துப் பலரும் நன்றாகவே பேசினர். இறுதியில் ஒரு நண்பர், "தன் பாலீர்ப்பைக்கூட மறைத்துக் கணக்குத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் பொய்யர்களே" என்றார். பலத்த கைதட்டல். கைதட்டாத ஒருசிலருள் நானும் ஒருவன். அன்று எனக்கு மறுமொழி சொல்ல வாய்ப்பு வரவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்த மறுமொழியையே எழுதித் தரலாம் என்று எண்ணினேன்.

பாலீர்ப்பு என்பது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர்மீது காதலும் உடல் ஈர்ப்பும் தோன்றுகின்றன என்பதைக் குறிக்கும் சொல். எதிர்ப்பாலார்மீது தோன்றலாம், தன்பாலார்மீது தோன்றலாம், இருபாலார்மீதும் தோன்றலாம். இது நோயன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் நீக்கியது. மருத்துவம் பற்றி இங்கு இவ்வளவு போதும். நமக்கு வேண்டிய செய்தி வேறு.

அதற்கு நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1834-ஆம் ஆண்டு மெக்காலே பிரபு சென்னையில் கப்பலிலிருந்து இறங்கி, மனிதர் தோள்களில் பல்லக்கேறி நம் உதகைக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது இங்கே தங்கியிருந்தார். அந்த ஆண்டின் மழைக்காலத்தை மெக்காலே இம்மலையிலேயே கழித்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தை அவர் ஊட்டியில்தான் எழுதினார் என்று நம்மூரில் சொல்வதுண்டு. ஊர்ப்பெருமைக்கு அது நல்ல கதை. ஆனால் அவர் தலைமையிலான சட்ட ஆணையம் கல்கத்தாவில் உழைத்து 1837-இல்தான் வரைவை அளித்தது. அது சட்டமானது 1860-இல். நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி முதல் நாள்.

அந்த வரைவின் 361, 362-ஆம் பிரிவுகளே பின்னர் உருமாறிப் புகழ்பெற்ற 377-ஆம் பிரிவாயின. நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. மெக்காலே தம் வரைவின் ஒவ்வொரு பகுதிக்கும் விரிவான விளக்கக் குறிப்புகள் எழுதினார். ஏன் இக்குற்றத்துக்கு இத்தண்டனை, ஏன் இச்சொல் என்று பக்கம் பக்கமாக வாதிட்டார். இந்த இரு பிரிவுகளுக்கு வந்தபோது மட்டும், இதைப் பற்றிப் பொதுவில் பேச்சு எழுவதையே தாம் விரும்பவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சட்டம் இயற்றியவரே காரணம் சொல்ல மறுத்த குற்றம் இது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டின் ஒரு பகுதி மக்களை வாய்மூடி இருக்கச் செய்தது இந்தச் சட்டம். மூடிய வாயைத் திறக்கவில்லை என்று அவர்களைப் பொய்யர் என்கிறோம் நாம்!

நிற்க. சட்டத்தின் பின்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல், வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் நடந்துகொள்வது குற்றமாகாது என்றது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றனர். பாலீர்ப்பும் அந்தரங்கத்தின் இன்றியமையாத கூறு என்பது அத்தீர்ப்பில் தெளிவாக இடம்பெற்றது. அந்த அடித்தளத்தின்மேல்தான், 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் 377-இன் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கினர். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது அந்தரங்க உரிமை. அதன் பின்னரே குற்றம் நீங்கியது. "இனி அச்சமில்லை, எல்லாரும் வெளியே சொல்லுங்கள்" என்று எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் கையில் என்பதே அவற்றின் பொருள்.

சொல்லாமல் இருப்பது சத்தியத்துக்கு மாறானதா என்னும் வினாவுக்கு அண்மையில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு சூழல் எழுந்தது. வேலூர் மாவட்டத்தைச் சார்ந்த வழக்கு. 2025 மே 22-இல் தீர்ப்பு. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக இன்னொரு பெண் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். இருவரும் காதலர். ஆனால் காவல் துறைக்கு அளித்த புகாரில் மனுதாரர் தம்மை நெருங்கிய தோழி என்றே குறிப்பிட்டிருந்தார். நீதிமன்றத்தில் அளித்த பிரமாணப் பத்திரத்திலும் உறவின் தன்மையை வெளிப்படச் சொல்லவில்லை. பிரமாணப் பத்திரம் என்றால் சத்தியம் செய்து தருவது. அதில் முழுவதையும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் சினந்தார்களா? இல்லை. அவருடைய தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றே எழுதினர். அடைபட்டிருந்த பெண்ணைத் தம் விருப்பப்படி செல்ல விடுத்தனர். அவரைத் தடுக்கக் கூடாதென்று வீட்டாருக்கும் ஆணையிட்டனர். தன் மகனின் தன்பாலீர்ப்பை ஏற்று வெளிப்படையாக எழுதிய நீதிபதி லீலா சேத்தை அத்தீர்ப்பில் நினைவுகூர்ந்து, எல்லாத் தாய்மாரும் லீலா சேத் ஆகிவிடுவதில்லை என்னும் கருத்தையும் பதிந்தனர். என் மறுமொழியின் பாதியை இவ்வழக்கே சொல்லிவிட்டது.

மீதிப் பாதி நம் இலக்கியத்தில் இருக்கிறது. வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, கண்டதைக் கண்டபடி உரைப்பதே வாய்மை என்று இலக்கணம் வகுக்கவில்லை. பிறருக்குக் கேடு செய்யாத பேச்சே வாய்மை என்கிறார். இதைவிட எனக்கு வியப்பளிப்பது தொல்காப்பியர் வகுத்த அகத்திணை மரபு. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டக் கூடாது. பெயர் வந்தால் அது அகம் ஆகாது, புறமாகிவிடும். அன்பை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துப் பாடு, அது இன்னாருடையது என்று மட்டும் சொல்லாதே என்பதே அவ்விதி. இணையத்தில் பெயரை மறைத்துக்கொண்டு தம் மனத்தை எழுதுகிறவர்கள் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறார்கள்.

அகப்பாட்டில் அம்பல், அலர் என்று இரண்டு உண்டு. சொல் வெளிப்படாமல் கண்ணாலும் புன்முறுவலாலும் ஊரார் குறிப்புக் காட்டுவது அம்பல். பலரும் அறிய வாய்விட்டுப் பேசுவது அலர். இன்று அலருக்குக் கருவி ஸ்கிரீன்ஷாட். ஒரு நண்பரை நம்பி ஒருவர் இரவில் அனுப்பிய நான்கு வரிகள், காலையில் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். அந்த வரிகள் மெய்யானவையே. அனுப்பியவர் பொய் ஏதும் சொல்லவில்லை. ஆயினும் நடந்தது கொடுமை. மெய்யைச் சொன்னேன் என்பது இங்கே சமாதானம் ஆகாது, ஏனெனில் அந்த மெய் சொன்னவருடையதன்று.

ஆலிவர் சிப்பிள் என்பவரின் கதையை அறிந்தவர் நம்மிடையே சிலரே இருக்கலாம். 1975 செப்டம்பர் 22-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டை ஒரு பெண் துப்பாக்கியால் சுட்டபோது, அருகில் நின்ற இவர் அவள் கையைப் பற்றி இழுத்தார். ஜனாதிபதி உயிர் தப்பினார். இரண்டொரு நாட்களில் நாளேடுகள் இவருடைய தன்பாலீர்ப்பை வெளியிட்டன. தொலைவில் டெட்ராய்ட்டில் இருந்த பெற்றோர் அதை அறியாதவர்கள். தாய் பேச்சையே நிறுத்திவிட்டார். சிப்பிள் வழக்குத் தொடுத்தார், 1984-இல் தோற்றார். அவரது நகரத்தில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி இரகசியமாகாது என்றது நீதிமன்றம். பத்துப் பேருக்குத் தெரிந்தால் பத்தாயிரம் பேருக்கும் தெரியலாம் என்பது போன்ற தர்க்கம் இது. எனக்கு இது உடன்பாடில்லை. நண்பர்களிடம் சொல்வதைத் தாயிடம் சொல்லாமல் இருப்பது மனித வாழ்வில் புதிதா என்ன?

நம் நாட்டிலும் ஒரு பேராசிரியருக்கு இது நேர்ந்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த ராமச்சந்திர சிராஸின் வீட்டினுள் 2010 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு கேமராவோடு புகுந்தனர். படம் எடுத்தவர்கள்மீது செல்லவேண்டிய நடவடிக்கை முதலில் அவர்மீது சென்றது. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. ஆறே நாளில், ஏப்ரல் 7-இல், அவர் தம் அறையில் இறந்து கிடந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எத்தகையவன் என்பதை இக்கட்டுரையில் எழுதப்போவதில்லை. படிக்கும்போது அந்த ஐயம் சிலருக்கு எழுந்திருக்கும், எழுவது இயல்பே. அதற்கு விடை தராததால் இக்கட்டுரையில் எந்த வரியாவது பொய்யாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். சென்னையில் ஒருவருக்குக் கிடைக்கும் மறைவு நமக்குக் கிடையாது. எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பல வீடுகளில் கைபேசி ஒருவருக்குரிய பொருளே அன்று. பகலில் அம்மாவிடம், மாலையில் தம்பியிடம், இரவில்தான் படிக்கும் பிள்ளையிடம். அதில் வரும் ஒவ்வோர் அறிவிப்பும் குடும்பத்துக்கே வரும் கடிதம் போலத்தான். பதிவிறக்கிய செயலியின் சின்னம் ஒன்றே போதும், கேள்வி எழ.

தொலைவு காட்டும் செயலிகளின் நிலை இன்னும் மோசம். துணை தேடும் செயலிகள் சில, "இவர் உங்களிடமிருந்து இத்தனை மீட்டரில் இருக்கிறார்" என்று காட்டும். தியாகராய நகரில் அறுநூறு மீட்டர் என்றால் அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இருப்பர். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியில் அறுநூறு மீட்டர் என்றால் அது இன்னார் வீடு என்று விரல்நீட்டிச் சொல்லிவிடலாம். அதற்குக் கணக்கும் உண்டு. சேரிங் கிராசில் நின்று ஒரு தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தில் ஒன்று. தாவரவியல் பூங்கா வாயிலில் ஒன்று. ஒவ்வோர் இடத்தையும் மையமாகக் கொண்டு அந்தந்தத் தொலைவை ஆரமாக வைத்து வட்டம் வரைந்தால், மூன்று வட்டங்களும் வெட்டும் புள்ளியில் அந்த மனிதர் இருப்பார். பள்ளி வடிவியல்தான். கிரைண்டர் என்னும் செயலியில் இவ்வாறு ஆளைக் கண்டுபிடிக்க இயலும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினர். எகிப்தில் காவல் துறையினர் இத்தகையோரைத் தேடிப் பிடிப்பதாகச் செய்தி வந்ததும் அந்நிறுவனம் அங்கே தொலைவு காட்டுவதை நிறுத்தியது.

நாமே சொல்லாவிட்டாலும் பொறி ஊகித்துவிடும் என்பது இன்னொரு செய்தி. கொசின்ஸ்கி முதலானோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 58,000-க்கும் மேற்பட்ட முகநூல் பயனர்களின் விருப்பக் குறிகளை மட்டும் கொண்டு கணிப்புச் செய்தனர். தன்பாலீர்ப்புள்ள ஆண் ஒருவரையும் அல்லாத ஒருவரையும் எடுத்துக்கொண்டால், யார் எவர் என்பதை நூற்றுக்கு 88 முறை சரியாகப் பிரித்துக் காட்டியது அந்தக் கணிப்பு. அவர்களுள் வெளிப்படையான தன்பாலீர்ப்புப் பக்கங்களை விரும்பியவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பாட்டு, தொலைக்காட்சித் தொடர் போன்ற எளிய விருப்பங்களிலிருந்தே கணித்தனர். வாயைத் திறக்காதவரின் உள்ளத்தையும் ஒரு வணிக நிறுவனம் வாசித்துவிடக் கூடுமானால், வெளிப்படையாய் இரு என்று தனிமனிதருக்கு உபதேசிப்பதற்கு முன்னால் அந்நிறுவனத்தைக் கேட்கவேண்டிய கேள்விகள் பல உள்ளன.

அப்படிக் கேட்ட நாடுகளும் உண்டு. விளம்பரதாரர்களுக்குப் பயனர் விவரங்களை முறையான ஒப்புதலின்றிக் கொடுத்ததற்காக, நார்வே நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் அதே கிரைண்டருக்கு 6 கோடியே 50 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அச்செயலியைப் பயன்படுத்துகிறார் என்பதே ஒருவரின் பாலீர்ப்பைக் காட்டும் நுண்ணிய தகவல்தான் என்பது அதன் முடிவு. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், கடவுச்சொல், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றோடு பாலீர்ப்பையும் நுண்ணிய தனிப்பட்ட தகவல் என்று பட்டியலிட்டன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அப்படி ஒரு தனி வகுப்பே இல்லை. எல்லாத் தகவலும் ஒரே நிறையில் வைக்கப்பட்டுள்ளன. என் பிறந்தநாளும் என் பாலீர்ப்பும் ஒரே எடை உடையவை என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. சட்டம் பயிலும் நண்பர்கள் இதை விரித்து எழுதினால் நல்லது.

அப்படியானால் எவரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லையா? அவ்வாறு நான் சொல்லவில்லை. ஒரு செய்தியால் யாருடைய வாழ்வு முடிவாகிறதோ அவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. திருமணம் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. பெண்கள்மீது ஈர்ப்பே இல்லாத ஓர் ஆண், வீட்டாரின் வற்புறுத்தலால் திருமணத் தளத்தில் படம் போட்டு, ஒரு பெண்ணைப் பார்த்து, தாலி கட்டுகிறான் என்றால் அந்தச் சொல்லாமை வேறு வகை. அவள் தெரிந்துகொண்டு ஒப்பவில்லை. அவனை நெருக்கிய பெற்றோருக்கு அதில் பெரும்பங்கு உண்டென்றாலும், விலை கொடுப்பவள் அவள். அதுபோலவே, இணையத்தில் பழகும் ஒருவரிடம் பிறர் படத்தைத் தன் படம் என்று அனுப்பி மனத்தைக் கவர்வதும் வஞ்சனையே. பெயரை மறைப்பது ஒரு திரை. பிறர் முகத்தை அணிவது முகமூடி. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அன்றைய சொற்போரில் நேர்ந்த குழப்பம்.

நம் கல்லூரிகளுக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டு இரத்த தான முகாம். தேசிய இரத்தமேற்றல் மன்றம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு நெறிமுறை, ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும் திருநரையும் நிரந்தரமாக விலக்குகிறது. 2021-இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பிரிட்டன் அதே ஆண்டு ஜூனில், இன்ன பிரிவினர் என்று பாராமல் ஒவ்வொருவரின் அண்மை நடத்தையை மட்டும் கேட்கும் முறைக்கு மாறிவிட்டது. அதுவே அறிவியலுக்கு ஒத்த முறை என்பது என் கருத்து. ஆனால் நெறிமுறை தவறென்று கருதுகிறவரும் படிவத்தில் பொய் எழுதலாகாது. அந்த இரத்தம் செல்லும் உடல் வேறொருவருடையது. அதற்காக, வரிசையில் நிற்கும் வகுப்புத் தோழர்கள் முன்னால் காரணத்தைச் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. "இன்று கொடுக்க இயலவில்லை" என்று சொல்லி விலகினால் போதும். முகாம் நடத்தும் தொண்டர்கள் ஏனென்று துருவாமல் இருப்பதும், படிவத்தை மறைவாக நிரப்ப ஒரு மேசை ஒதுக்குவதும் நாட்டு நலப்பணித் திட்டத்தாருக்குப் பெரிய செலவில்லை.

கேட்கும் உரிமை இல்லாதவர் கேட்டால்? இக்கேள்வியைத்தான் சொற்போரில் யாரும் தொடவில்லை. விடுதியறையில் நால்வர் சூழ்ந்துகொண்டு "நீ அப்படியா?" என்று கேட்டால், மௌனமே ஆம் என்று கொள்ளப்படும். அங்கே "இல்லை" என்று சொல்வதைப் பொய் என்று நான் கணக்கில் வைக்கமாட்டேன். பூட்டிய கதவைத் தட்டுகிறவனிடம் வீட்டில் ஆளில்லை என்பது போன்றது அது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். இப்பொருளில் தமக்கே தெளிவு போதாதென்று கருதி, தீர்ப்புக்கு முன் உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டவர் அவர். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளை அந்த ஆணை தடைசெய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும் அதே ஆண்டு, இம்மக்களைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி சேர்ந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கும் அந்த ஆணையில் பரிந்துரைகள் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே பெற்றோருக்கு எடுத்துரைப்பது, ஆலோசகரை அமர்த்துவது, சேர்க்கைப் படிவங்களில் ஆண், பெண் என்பவற்றோடு திருநருக்கும் இடம் தருவது ஆகியன அவற்றுள் சில. பாலீர்ப்பைக் கேட்கும் கட்டம் ஒன்று படிவத்தில் வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரு மாணவரோ மாணவியோ துறை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தம்மைப் பற்றிச் சொன்னால், அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுவது கடமை என்று சில ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு கருதக்கூடும். அவர் பதினெட்டு வயது கடந்தவர். வீட்டில் சொல்லலாமா, எப்போது, யாரிடம் முதலில் என்பதை அவரிடமே கேட்டுவிட்டு, அதுவரை அச்செய்தியை அந்த அறையிலேயே வைத்திருங்கள்.